உறைபனியில் ஏறாத சார்ஜ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகையில் உறைபனி விழுந்த ஜனவரி இரவொன்றில், கண்ணாடி உடைந்த ஜன்னல் திண்டில் வைத்துச் சார்ஜ் போட்டிருந்த என் கைப்பேசி, விடிந்த பிறகும் ஏறாமலே கிடந்தது. கடைக்காரர் கேபிளை மாற்றச் சொன்னார். அறைக்குள் சற்று நேரம் இருந்ததும் பழைய கேபிளிலேயே ஏறிவிட்டது.

லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைவதோடு ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு என்பதால், வெப்ப அளவைப் பார்த்து மின்னோட்டத்தை நிறுத்தும் வேலையைச் சார்ஜிங் சிப்பும், பல கருவிகளில் அதனுடன் இயங்குதளத்தின் கெர்னல் டிரைவரும் (கருவியின் பாகங்களை இயக்கும் உள் மென்பொருள்) சேர்ந்து செய்கின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் 500 மில்லி ஆம்பியர் என்ற வரம்பைக் கவனிப்பதிலும் டிரைவருக்குப் பங்குண்டு. அந்த டிரைவரில் பிழை இருந்தால், எத்தனை கேபிள் மாற்றினாலும் தீராது. அப்டேட் ஒன்றே வழி.

சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கும் எங்கள் ஊர்களில், டேட்டாவுக்கு அஞ்சி அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். ஆகவே நிறுவனங்கள், 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒரே வரியில் முடிக்காமல், சார்ஜிங் டிரைவர் மாறியிருந்தால் அதைத் தமிழில் தெளிவாக எழுத வேண்டும். கைப்பேசியைக் கணப்புச் சட்டியருகே வைத்துச் சூடேற்றுவோரும் இங்கு உண்டு. அது உறைபனியைவிட ஆபத்தானது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உதகமண்டலம்