பத்துமலையிலிருந்து திரும்பியபின்

குமுளி

அன்புள்ள தோழிக்கு,

உன் மகளுக்கு வரன் அமைந்த செய்தியறிந்து மிகவும் மகிழ்ந்தேன். மலேசியப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். நீ கேட்டது ஊரைப் பற்றியல்ல, எங்கள் இருவரைப் பற்றித்தான் என்பது எனக்குப் புரியாமலில்லை.

2018 ஆகஸ்ட் மழையில் வண்டன்மேட்டுத் தோட்டத்தில் ஏலச்செடிகள் அழுகிப்போனதும், கடன் நெருக்குகிறதென்று ஒரு பகுதியை இவர் விற்றதும் உனக்குத் தெரியும். அடுத்த ஆண்டே புற்றடியில் நடந்த ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. எல்லோரும் அந்த விலையை நினைத்துத்தான் நான் புழுங்குகிறேன் என்றார்கள். என் கல்யாண நகையைப் போட்டு வாங்கிய நிலத்தைக் கைமாற்றும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் என் வேதனை. அன்று முதல் சாப்பாடு, மாத்திரை, கூலிக் கணக்கு தவிர எங்களுக்குள் பேச்சில்லை. விடிந்தால் கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலையாட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அந்தச் சந்தடியில் எங்கள் மௌனம் யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

கோலாலம்பூரில் அதற்கு வழியில்லை. மகன் வேலைக்குப் போனபின், பாஷை தெரியாத ஊரில், அடுக்குமாடி வீட்டில், பகல் முழுவதும் நாங்கள் இருவர் மட்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனோம். 272 படிகளுக்கும் வண்ணம் பூசியது 2018 ஆகஸ்டில்தான் என்று மகன் இயல்பாகச் சொல்லிவிட்டு முன்னே ஏறிப்போனான். அந்த மாதத்தின் பெயரைக் கேட்டதும் இவர் நின்றுவிட்டார். பாதிப் படியில், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “கேட்டிருந்தால் நீ வேண்டாமென்று சொல்லியிருப்பாய், அது தெரிந்துதான் கேட்கவில்லை” என்றார்.

இத்தனை ஆண்டுகளாக மறந்துவிட்டார், பதற்றத்தில் செய்துவிட்டார் என்றெல்லாம் நானே அவருக்காகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்தே செய்தேன் என்று அவர் வாயாலேயே கேட்டபோது நெஞ்சு கொதித்தது. சுற்றிலும் பால்குடம் ஏந்தியவர்கள் ஏறிக்கொண்டிருக்க, மனதில் இருந்த அத்தனையையும் கொட்டினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கீழே இறங்கிப் போகவும் இல்லை. உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் மதிப்பு வந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே; இன்னும் இல்லை. ஆனால் ஊர் திரும்பியதும் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தையும் நிலப் பத்திரங்களையும் என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். போன வாரம் காய் உலர்த்தும் ஸ்டோரைக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது; ஆனாலும் வந்தவரிடம், “வீட்டில் சம்மதமில்லை” என்று என் காதுபடச் சொல்லி அனுப்பினார்.

நிச்சயதார்த்தத்துக்கு இருவருமே வருகிறோம். முதல் நாளே வந்துவிடுகிறேன். மீதியை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
உன் தோழி