மூக்கடைப்புச் சிகிச்சை: அடைப்பு எங்கே என்பது முதலில் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட மூக்கடைப்புக்கு வெளியே தழும்பு தெரியாத எளிய அறுவை சிகிச்சைகள் வந்துவிட்டன என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் ரேடியோ அலைச் சிகிச்சை, பலூன் சிகிச்சை, மூக்குத் தண்டைச் சீராக்கும் அறுவை ஆகிய மூன்றில் எதை வேண்டுமானாலும் நோயாளி தன் வசதிப்படி தேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை அது ஏற்படுத்துகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

மூக்கு அடைத்துக்கொள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. இரு துளைகளையும் பிரிக்கும் தண்டு ஒருபுறம் வளைந்திருக்கலாம். பக்கச் சுவரில் உள்ள டர்பினேட் என்னும் மடிப்புகள், குறிப்பாகக் கீழ் மடிப்பு, ஒவ்வாமையால் வீங்கியிருக்கலாம். பாலிப் எனப்படும் சதை வளர்ந்திருக்கலாம். குழந்தைகளானால் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்னும் சதை பெருத்திருக்கலாம். ரேடியோ அலை கீழ் மடிப்பின் வீக்கத்தைக் குறைப்பதற்கே பெரிதும் பயன்படுகிறது. பலூன், மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறைகளின் வாயிலை விரிக்கிறதே தவிர, நாம் மூச்சு விடும் பாதையை அகலப்படுத்துவதில்லை. தண்டு வளைந்த ஒருவருக்குப் பலூன் சிகிச்சை மட்டும் செய்து அனுப்பினால், அவர் அதே அடைப்போடுதான் வீடு திரும்புவார். எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி கொண்டு மூக்கின் உட்புறத்தை முழுமையாகப் பார்த்து, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுத்த பிறகே எந்தச் சிகிச்சை என்ற பேச்சு எழ வேண்டும்.

ரேடியோ அலைச் சிகிச்சையில், மரத்துப்போகும் மருந்து கொடுத்து, ஊசி போன்ற முனையை மடிப்பின் மேற்சவ்வுக்கு அடியில் செலுத்துகிறார்கள். அங்குள்ள திசு ஏறத்தாழ 60 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, பின்னர் தழும்பாகிச் சுருங்குகிறது. பழைய மின்தீய்ப்பு முறையில் வெப்பம் பல நூறு டிகிரியைத் தொட்டதால் சுற்றியுள்ள சவ்வும் சேர்ந்து கருகியது. எனினும் கட்டுரை கூறுவதுபோல் அன்றைக்கே மூச்சு சீராகிவிடாது. முதல் சில நாட்களில் வீக்கமும் பொருக்கும் சேர்ந்து அடைப்பு அதிகரிப்பதே வழக்கம். முழுப் பலன் தெரியச் சில வாரங்களாகும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த ஒவ்வாமை அப்படியே இருப்பதால் மடிப்பு மீண்டும் வீங்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

மேற்சவ்வைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டுவது அந்தச் சவ்வுதான். அதைவிட முக்கியமாக, காற்று போய்வருகிறது என்ற உணர்வையே அதில் உள்ள குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகள்தான் தருகின்றன. மென்தால் நுகர்ந்தால் பாதை சிறிதும் அகலமாவதில்லை. ஆனாலும் மூக்கு திறந்துகொண்டதுபோல் தோன்றுவது அந்த நரம்புகள் தூண்டப்படுவதால்தான். முற்காலத்தில் கீழ் மடிப்பை முழுவதுமாக வெட்டி எடுத்த அறுவைகளுக்குப் பின், மூக்கின் உள்ளே தாராளமாக இடமிருந்தும் மூச்சு முட்டுவதாகச் சிலர் தவித்தார்கள். அமெரிக்க மருத்துவர் யூஜின் கெர்ன் 1994-இல் இந்நிலைக்கு ‘வெற்று மூக்கு’ என்ற பொருளில் ஒரு பெயரிட்டார். வெட்டி எடுத்த மடிப்பைத் திரும்ப வைக்க வழியில்லை. ஆகவே எவ்வளவு சிறிய துளை வழியாகச் செய்கிறார்கள் என்பதைவிட, எவ்வளவு திசுவை விட்டுவைக்கிறார்கள் என்பதையே நோயாளி கேட்க வேண்டும்.

புதிய கருவிகளைப் புகழும் கட்டுரை, தண்டைச் சீராக்கும் அறுவையைப் பழையது என்று ஒதுக்கியதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த அறுவையும் பொதுவாக மூக்கின் உட்புறமாகவே செய்யப்படுகிறது. முகத்தில் தழும்பு விழுவதில்லை. நெதர்லாந்தில் 203 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வும், பிரிட்டனில் 378 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் ‘பி.எம்.ஜே.’ இதழில் வெளியான ஆய்வும், தண்டு வளைவால் அடைப்புள்ள பெரியவர்களுக்கு அறுவையற்ற சிகிச்சையைவிட இந்த அறுவை கூடுதல் நிவாரணம் தருவதைக் காட்டின.

அதே சமயம், அறுவையே தேவைப்படாதவர்களும் பலர். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும். மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்தியதும் குணமாகிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர நாள்தோறும் சில வாரங்களாவது பயன்படுத்த வேண்டும்; இரண்டு நாள் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறவர்களே அதிகம். ஸ்பிரேயின் முனை நடுத்தண்டை நோக்காமல் காதுப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கக்கூட நம் மருத்துவர்களில் பலருக்கு நேரம் இருப்பதில்லை.

கட்டுரையில் இடம்பெறாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடைப்பு ஒரு துளையிலிருந்து மற்றதற்கு மாறுவது உடலின் இயல்பு. ஆனால் பெரியவர் ஒருவருக்கு எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைத்து, அதனுடன் ரத்தமும் கசிந்தால், கட்டி எதுவும் இல்லை என்பதை எண்டோஸ்கோப் வழியாகவும், தேவையானால் திசுப் பரிசோதனை மூலமும் உறுதிசெய்யாமல் மேற்கண்ட சிகிச்சைகளில் எதையும் தொடங்கக்கூடாது. இப்பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது இந்த எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர்