முகாம் வாசலில் நின்ற சிறுவன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்தில், சூப்பர் ஹீரோ படங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை, நகரங்களை இடிப்பதைத் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பல படங்களுக்கு அது பொருந்தும். பிறவியிலேயே விசேட சக்தி கொண்ட மனிதர்களைப் பற்றிய 'எக்ஸ்-மென்' வரிசையையும் அந்தக் கணக்கில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2000ஆம் ஆண்டில் வெளியான முதற்படத்தை நான் பார்த்தது இலங்கையில் போர்நிறுத்தம் வந்த 2002இல், திருகோணமலை உவர்மலையில் மாமா வீட்டில், வாடகைக்கு எடுத்த சீடியில். 1944, போலந்து, நாசி வதைமுகாம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் யூதச் சிறுவன் மழையில் கையை நீட்டிக் கதற, இரும்பு வாசற்கதவு வளைகிறது. அவன்தான் பின்னாளில், உலோகத்தைத் தொடாமலே அசைக்கும் மக்னீட்டோ. சற்று நேரத்தில் அமெரிக்க செனட்டர் ஒருவர், பிறவியிலேயே விசேட சக்தி கொண்டவர்கள் எல்லோரும் அரசிடம் பதிய வேண்டும் என்று வாதிடுகிறார். கொழும்பு லொட்ஜில் ஓரிரவு தங்குவதற்கும் பொலிஸ் பதிவு கேட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே சோதனைச் சாவடியை நெருங்கியவர்கள். அந்தக் காட்சியை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமா படத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

2003இல் வந்த இரண்டாம் படமும் நன்றே. 2006இல் வந்த மூன்றாம் படத்தில் இயக்குநர் மாறினார், தடமும் மாறியது. பிறவிச் சக்தியை நீக்கும் மருந்து வந்தால் அதை ஏற்பதா மறுப்பதா என்ற அருமையான கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்தைப் பெயர்த்துப் பறக்கவிடுவதில் நேரத்தைச் செலவழித்தார்கள். 2009இல் வந்த, எக்ஸ்-மென்களில் ஒருவரான வூல்வரினின் முற்கதை அதைவிட மோசம். இனி இவ்வரிசை எழும்பாது என்றே நினைத்தேன்.

2011இல் மத்தியூ வோன் இயக்கிய 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' அதே முகாம் வாசலுக்குத் திரும்பிப் போனது. அந்தச் சிறுவனுக்கு அடுத்து என்ன நடந்தது என்று கேட்டது. மேசையிலுள்ள நாணயத்தை அசைக்கச் சொல்கிறான் அதிகாரி. முடியவில்லை. மூன்று வரை எண்ணித் தாயைச் சுட்டுவிடுகிறான். அந்த நாணயத்தையே காத்து வைத்திருந்து, 1962இன் கியூபா ஏவுகணை நெருக்கடி வேளையில் அவனைக் கொல்கிறார் மக்னீட்டோ. அதன்பின் அமெரிக்க, சோவியத் கப்பல்கள் கரையிலிருக்கும் விசேட சக்தியாளர்களை நோக்கி ஏவுகணைகளை வீசுகின்றன. மக்னீட்டோ அவற்றைக் கப்பல்கள் மீதே திருப்பும்போது, கப்பலில் இருப்பவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள்தாம் என்று மன்றாடுகிறார், பிறர் மனத்தைக் கேட்கும் சக்தி கொண்ட நண்பர் சேவியர். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களிடம்தான் மக்னீட்டோ எல்லாவற்றையும் பறிகொடுத்தார்! அவர் தட்டிவிட்ட தோட்டா சேவியரின் முதுகெலும்பில் பாய, மணலில் நண்பரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். யார் பக்கம் நியாயம் என்று அன்று மாலை டச்பே கடற்கரையில் நானும் என் நண்பனும் இருட்டும்வரை வாதாடினோம். இன்றும் முடிவுக்கு வரவில்லை.

2014இல் வந்த 'டேய்ஸ் ஒஃப் பியூச்சர் பாஸ்ட்' காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கதையால், மூன்றாம் படத்தின் பிழைகளைக் கதைக்குள்ளேயே அழித்தது. சமையலறையில் நேரம் உறைந்து நிற்கும் காட்சியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்குப் பெரிது வேறொன்று. நடப்பதற்காக மருந்து ஏற்றிக்கொண்டு, பிறர் மனத்தைக் கேட்கும் சக்தியை இழக்கிறார் இளைய சேவியர். அத்தனை பேரின் வேதனையையும் கேட்க அவரால் இயலவில்லை. அந்த வேதனையைத் தாங்கு என்று அவருக்குச் சொல்பவர், எதிர்காலத்திலிருந்து பேசும் முதிய சேவியரே. போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்த நேரத்தில் அதைப் பார்த்து நான் அழுதேன்.

பின்னர் 2016இலும் 2019இலும் மறுபடி சறுக்கினார்கள். இடையே 2017இல் வந்த, முதிய வூல்வரினின் கதையான 'லோகன்' திரைக்கதைக்கு ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. முதிய சேவியராக நடித்த பட்ரிக் ஸ்டூவர்ட்டும் முதிய மக்னீட்டோவாக நடித்த இயன் மெக்கெலனும், எண்பதைக் கடந்த வயதில், பல சூப்பர் ஹீரோக்கள் ஒன்றுசேரும் அவெஞ்சர்ஸ் வரிசையின் புதிய படத்தில் நடிப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இருவரையும் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

அந்தப் படம் வரும்போது உங்கள் விமர்சகர் எழுதத்தான் போகிறார். அதற்கு முன் 2011 படத்தின் அந்தக் கடற்கரைக் காட்சியை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.