டெமீட்ரியஸின் கண்ணில் இன்னும் சாறு இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நாடகப் பக்கத்தில் ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ பற்றி வந்த விமர்சனத்தில் கடைசிக்கு முந்தைய வரி இது: “விடிந்ததும் மந்திரம் கலைய, காதலர் நால்வரும் தத்தம் உண்மைக் காதலுக்குத் திரும்புகிறார்கள்.” அழகான வரி. நாடகத்தில் அப்படி நடப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை.

தாங்கள் அறியாததல்ல. இருந்தாலும் விமர்சகரின் வசதிக்காகக் கணக்கை எழுதிவிடுகிறேன். கண் விழித்ததும் முதலில் பார்ப்பவர்மேல் காதல் கொள்ள வைக்கும் பூச்சாறு மூன்று பேர் கண்ணில் விழுகிறது. இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் தன் மனைவி டைட்டானியாவுக்குத் தேவதைகளின் அரசன் ஓபரான் பிழிகிறான். அதே காட்சியில் ஓபரானின் ஏவலாள் பக், ஹெலனாவை உதறிவிட்டு ஹெர்மியா பின்னால் அலையும் டெமீட்ரியஸுக்குப் போட வேண்டியதை ஆள் மாறி ஹெர்மியாவின் காதலன் லைசாண்டருக்குப் பிழிந்துவிடுகிறான். அந்தக் குளறுபடியைச் சரிசெய்யப் போய் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் ஓபரானே டெமீட்ரியஸுக்கும் பிழிகிறான். மயக்கம் தீர்க்கும் மாற்று மூலிகையோ இரண்டே பேருக்குத்தான்: அந்தக் காட்சியின் முடிவில் லைசாண்டருக்கு, நான்காம் அங்கத் தொடக்கத்தில் டைட்டானியாவுக்கு. டெமீட்ரியஸின் கண்ணை யாரும் துடைப்பதில்லை. அந்தச் சாற்றோடுதான் அவன் எழுந்து ஏதென்ஸின் ஆட்சியாளன் தீசியஸ் முன்னால் நிற்கிறான், ‘என் கண்ணுக்கு இன்பம் ஹெலனா ஒருத்திதான்’ என்கிறான், தாலி கட்டாத குறையாக அரண்மனைக்குப் போகிறான். கண் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார் எழுதியவர். அதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

டெமீட்ரியஸ் முன்பு ஹெலனாவைத்தானே காதலித்தான், மந்திரம் அவனைப் பழைய இடத்தில் கொண்டுவந்து விட்டது, அவ்வளவுதானே என்று கேட்பார்கள். முதல் காட்சியிலேயே லைசாண்டர் அதைச் சொல்கிறான். நோய் நீங்கி நாக்கு பழைய ருசிக்குத் திரும்பியது போல என்று டெமீட்ரியஸும் பின்னால் சொல்கிறான். வாதம் நிற்கும். ஆனால் சாட்சி சொல்பவன் மருந்து உண்டவன். ஹெலனாவுக்கே நம்பிக்கை இல்லை: கண்டெடுத்த நகை மாதிரி, என்னுடையதும் இல்லாததுமாக இருக்கிறான் என்கிறாள். அதன் பிறகு ஐந்தாம் அங்கம் முழுவதும் ஹெலனாவுக்கும் ஹெர்மியாவுக்கும் ஒரு வசனம்கூடக் கிடையாது. திருமணக் கொண்டாட்டத்தில் நடக்கும் பிரமஸ்–திஸ்பி கூத்தை ஆண்கள் கிண்டலடித்துக்கொண்டிருக்க, இரண்டு பெண்களும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இயக்குபவர்களுக்கு இங்கேதான் வேலை: அந்த நேரத்தில் ஹெலனா யாரைப் பார்க்கிறாள் என்பதை ஒத்திகையிலேயே முடிவுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இரண்டு நடிகைகளும் சும்மா சிரித்துக்கொண்டிருப்பார்கள். விமர்சகரும் ‘சுபம்’ என்று எழுதிவிடுவார்.

பிழை எங்கே பிறந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பல குழுக்கள் பூவுக்கும் மாற்று மூலிகைக்கும் ஒரே பொருளையே வைத்துக்கொள்கின்றன. நால்வரும் தரையில் படுத்திருக்க, பக் அதே ஊதாப் பூவோடு சுற்றிவந்தால் எல்லோருக்கும் மருந்து போட்டுவிட்டான் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். சாறு விழும் மூன்று முறையும் அசைவு ஒன்றாக இருக்க வேண்டும்: அதே கை, அதே உயரம், அதே இசைத் துணுக்கு. மூலிகைக்கு நிறம், கை, விளக்கு எல்லாமே மாற வேண்டும். திரவம் கூடவே கூடாது. இமைமேல் எது பட்டாலும் ஒப்பனை கரையும், கண் எரியும். காய்ந்த பூவே போதும். 1970-ல் இயக்குநர் பீட்டர் புரூக் பூவையே விட்டுவிட்டு, கம்பியின் நுனியில் சுழலும் தட்டு ஒன்றைக் கைமாற்ற வைத்தார். மருந்து யார் கையில் இருக்கிறது என்று கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

பக்கின் தவறை விமர்சகர் ‘குறும்பு’ என்கிறார். குறும்பு இல்லை ஐயா. ஏதென்ஸ் நாட்டு உடை போட்டிருப்பவன் என்ற ஒரே அடையாளத்தைத்தான் ஓபரான் கொடுத்து அனுப்புகிறான். ஏதென்ஸ் உடையில் காட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று ஹெர்மியா லைசாண்டரைத் தள்ளிப் படுக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த இடைவெளியைப் பார்த்து, இவன்தான் பெண்ணை உதறித் தள்ளியவன் என்று பக் எடுத்துக்கொள்கிறான். ஆகவே இரண்டு ஆண்களுக்கும் உடை ஒரே வெட்டில் இருக்க வேண்டும், படுப்பவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நடந்துபோக இடம் வேண்டும். ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குப் பச்சை என்று தைத்துவிட்டால் பக் முட்டாளாகத் தெரிவான்.

வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். புகைமூட்டக் காட்சி ‘பிரமிப்பு’ என்று பாராட்டியிருக்கிறீர்கள். பனிமூட்டத்தை வரவழைக்கச் சொல்வது ஓபரான்தான், சரி. ஆனால் அதை உலர்பனிக்கட்டியில் செய்தால் வருவது கரியமில வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அந்தத் தரையில்தான் நான்கு நடிகர்கள் மூக்கை வைத்துத் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்கள். மேடையின் பக்கவாட்டிலிருந்து இயந்திரத்தால் மெல்லிய புகை விட்டால் போதும். பிரமிப்பு கொஞ்சம் குறையும், ஆள் மயங்க மாட்டார்.

நெசவாளி பாட்டத்துக்குப் பக் மாட்டிவிடும் கழுதைத் தலைக்கு மூன்று வரி ஒதுக்கியவர்கள், அதைச் செய்தவரின் பெயரைப் போடவில்லை. வாயும் தாடையும் மூடாத தலையாக இருந்தால்தான் இரண்டு காட்சிகளின் வசனமும் அரங்குக்குக் கேட்கும். பார்வையாளர் கண்முன்னே பக் ஒரே இழுப்பில் கழற்றும்படியும் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் சாதித்தவர் உங்கள் பக்கத்தில் ‘குழுவினர்’. ஒளியமைத்தவரும் ‘குழுவினர்’. அமாவாசை கழிந்து பிறை வர நான்கு நாள் இருக்கிறது என்று தொடங்கும் நாடகம், உடனே காட்டில் நிலவைக் கொட்டுகிறது. இதில் எந்த இரவுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று தீர்மானிப்பவர் அவர். விளக்குமுன் போடும் நீல ஜெல் தாளால் மேடையையே குளிப்பாட்டிவிட்டால் சாறு பிழியும் கை தெரியாது.

இதெல்லாம் இன்று நேற்றுக் கதையா? போன ஆண்டு இதே நாடகத்தைக் ‘குழந்தைகளுக்கான தேவதைக் கதை’ என்று அறிமுகம் செய்தீர்கள். அப்பன் சொன்னவனைக் கட்டாவிட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள்வரை கன்னிமாடம் என்று தொடங்குகிறது கதை. மனைவியை மயக்கத்தில் கழுதையோடு காதலிக்கவிட்டு, அவள் வளர்க்கும் இந்தியச் சிறுவனைப் பறித்துக்கொள்கிறான் கணவன். நல்ல தேவதைக் கதை. ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சனின் திருமண அணிவகுப்பை ஷேக்ஸ்பியர் காலத்து இசை என்று படக்குறிப்பு போட்டதும் உங்கள் இதழ்தான். அது 1843-ல் போட்ஸ்டாமில் மேடைக்கு வந்த இசை. 2006-ல் ஆங்கில இயக்குநர் டிம் சப்பிள் இந்திய, இலங்கைக் கலைஞர்களைக் கொண்டு தமிழும் சேர்ந்த பல மொழிகளில் இதை மேடையேற்றினார். அதைப் பற்றி இந்த விமர்சனத்திலும் ஒரு சொல் இல்லை. நடிகர் பிறந்தநாள் சிறப்பிதழில் நாடகப் பக்கமே காணாமல் போவது எங்களுக்குப் பழகிவிட்டது.

லண்டன்காரர் சாமுவேல் பெப்பிஸ் 1662-ல் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் கண்டதிலேயே சப்பென்ற, அபத்தமான நாடகம் என்று நாட்குறிப்பில் திட்டினார். அவராவது பார்த்துவிட்டுத் திட்டினார்.

அடுத்த இதழில் இரண்டு வரி போதும்: ‘டெமீட்ரியஸுக்கு மாற்று மூலிகை தரப்படவில்லை, சென்ற இதழில் வந்தது தவறு.’ இனி வரும் விமர்சனங்களின் கீழே ஒளி, உடை, ஒப்பனை, மேடைப்பொருள் செய்தவர்களின் பெயர்களைச் சிறிய எழுத்திலாவது போடுங்கள். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தில் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம், உலர்பனிக்கட்டிப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
மதுரை.