53 இடங்களும் காயமுற்றவர்களும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். திருச்சிக்குத் திரும்பிய பின்னும் திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் வழக்கத்தை நீங்கள் விடவில்லை என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. இங்கே மில்வாக்கியில் நாங்களும் நலமே. மூத்தவள் படிப்பை முடித்து மாடிசனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இளையவனுக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது.

காயம் ஆறி ஓடத் தயாராக நிற்கும் ஒருவரை விதி ஏன் வெளியே நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். காயமடைந்தவர்களைத் தனியே ஒதுக்கி வைக்கும் 'இஞ்சூர்டு ரிசர்வ்' என்னும் அந்தப் பட்டியலைப் பற்றி நானும் பல காலமாக யோசித்து வருவதால், ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 53 என்ற எண். என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துத் தொடரின் 32 அணிகளும் கோடைக்காலத்தில் 90 பேர் வரை வைத்துக்கொண்டு பயிற்சி நடத்துகின்றன. ஆகஸ்ட் இறுதியில் ஒவ்வோர் அணியும் 53 பேராகக் குறைந்தாக வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அந்த நாளோடு தங்கள் இடத்தை இழக்கிறார்கள். அவர்களில் சிலரை 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். மிஞ்சிய 53 பேரும்கூட ஆட்ட நாளில் சீருடை அணிவதில்லை. அதிகபட்சம் 48 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் தாக்குதல் முன்வரிசை வீரர்கள் எட்டுப் பேராவது இருந்தால் மட்டுமே. ஒருவர் ஒவ்வொரு வாரமும் இன்னொருவர் மீது முழு வேகத்தில் மோதும் விளையாட்டில் இந்த இடங்கள் எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒருவருக்குக் காயம்பட்டதும் அணி நிர்வாகத்தின் முன்னால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. காயம் எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அவர் படுத்திருக்கும் காலத்தில் அவருடைய இடத்தை என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் கேள்வி மருத்துவருடையது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் எழுதப்பட்டவர் 53 என்ற கணக்கிலிருந்து நீங்குகிறார். அவருடைய இடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய சம்பளம் மட்டும் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில், அதாவது வீரர்களுக்கு அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையின் கணக்கில், தொடர்ந்து இருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இன்றைய விதி 2022 முதல் நடைமுறையில் இருப்பது. பட்டியலில் வைக்கப்பட்டவர் குறைந்தது நான்கு ஆட்டங்களைத் தவறவிட வேண்டும். ஒரு பருவத்தில் ஓர் அணி எட்டு முறைதான் ஆட்களைத் திரும்ப அழைக்கலாம். ஒரே வீரர் இரண்டு முறை சென்று திரும்பலாம் என்றாலும் அது இரண்டாகவே எண்ணப்படும். திரும்புகிறவர் மீண்டும் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் அவரை 53 பேரில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் அந்தப் பருவம் அவருக்கு முடிந்தது. 2024இல் இரண்டு தளர்வுகள் வந்தன. வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதிபெறும் அணிகளுக்கு மேலும் இரண்டு திரும்ப அழைப்புகள் கிடைத்தன. ஆகஸ்டில் ஆள் குறைக்கும் நாளன்றே இரண்டு பேரைத் திரும்பும் உரிமையோடு பட்டியலில் வைக்கலாம் என்பதும் அப்போதுதான் வந்தது.

இரண்டாவது தளர்வு வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறியதாகத் தோன்றும். அதற்கு முன் நிலைமை என்னவென்றால், இறுதி 53 பேர் முடிவாகும் முன் பட்டியலுக்குப் போனவர் பருவம் முழுவதும் திரும்ப முடியாது. எனவே ஆறு வாரத்தில் குணமாகக்கூடிய ஒருவரைக் காப்பாற்ற, அவரை ஒரு நாள் மட்டும் 53 பேரில் வைத்திருந்து மறுநாள் பட்டியலுக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு நாளுக்கு இடம் வேண்டுமே. அதற்காக அனுபவம் மிக்க ஒருவரை நீக்கிவிட்டு, "நாளைக்கு உங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார்கள். நான்கு பருவங்கள் நிறைந்தவர்களை அந்தக் காலகட்டத்தில் நீக்கினால், வேறோர் அணி முன்னுரிமை வரிசைப்படி உரிமை கோரி இழுத்துக்கொள்ள முடியாது என்பதால் இந்த ஏற்பாடு நடந்தேறியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்றாலும், பத்தாண்டுகள் ஆடிய ஒருவர் எழுத்தில் ஏதுமின்றி ஓரிரவு வேலையற்றவராக இருக்க வேண்டியிருந்தது. அந்த நிலையை ஓரளவு குறைத்ததற்காகவே 2024ஆம் ஆண்டின் மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், அணிகள் மீதுள்ள அவநம்பிக்கைதான் காரணம். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞனுக்கு ஏதோ ஒரு காயத்தின் பெயரைச் சூட்டிப் பட்டியலில் பதுக்கி வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் பழக்கம் 1980களில் பரவியிருந்தது. வசதி படைத்த அணி இப்படி ஒரு மறைமுகப் படையையே வைத்துக்கொள்ளலாம். 1993இல், ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திர ஒப்பந்த முறை வந்தபோது இதற்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள்: பட்டியலுக்குப் போனவர் அந்தப் பருவத்தில் திரும்பவே முடியாது. பதுக்கல் நின்றது. ஆனால் ஏமாற்றிய நிர்வாகத்துக்காக எழுதப்பட்ட தண்டனையை உண்மையாகவே கால் முறிந்தவர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அனுபவித்தார்கள். 2012இல்தான் ஓர் அணிக்கு ஒருவர், அதுவும் எட்டு வாரங்களுக்குப் பிறகு, திரும்பலாம் என்று கதவு சற்றே திறந்தது. 2017இல் அது இரண்டு பேராயிற்று. கோவிட் பெருந்தொற்றுக் காலமான 2020இல் எண்ணிக்கை வரம்பே நீங்கியது. மூன்று ஆட்டங்கள் தவறினால் போதும் என்றார்கள். 2022இல்தான் மீண்டும் எட்டு என்ற எல்லைக்குள் கொண்டுவந்தார்கள்.

மூடிய கதவு என்ன செய்தது என்பதற்கு நம்முடைய 2010 பருவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அப்போது நீங்களும் இங்கே இருந்தீர்கள். கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஏறத்தாழ 15 பேர் அந்தப் பருவத்தில் பட்டியலுக்குப் போனார்கள். முதல் ஆட்டம் செப்டம்பர் 12 அன்று பிலடெல்பியாவில். பந்தைச் சுமந்து ஓடுவதில் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் 1,200 கெஜத்துக்கு மேல் ஓடியிருந்த ரயன் கிராண்ட் அன்று கணுக்காலில் காயமடைந்தார்; பட்டியலில் அவர் பெயர் ஏறியது; பருவம் முடிந்தது. இறுதி ஆட்டத்துக்கு அப்போது ஏறத்தாழ ஐந்து மாதங்கள் இருந்தன. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர் நிச்சயம் திரும்பியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை அவருடைய கணுக்காலும் மருத்துவரும் முடிவு செய்திருப்பார்கள் என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு அதை முடிவு செய்தது விதிப்புத்தகம்.

அதே அணியில் ஜேம்ஸ் ஸ்டார்க்ஸ் என்ற புதியவர் இருந்தார். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது ஆறாவது சுற்றில் தேர்வு செய்யப்பட்டவர். கல்லூரியின் கடைசி ஆண்டு முழுவதையும் தோள் காயத்தால் இழந்தவர். கோடைப் பயிற்சி முகாமுக்குப் பின்தொடைத் தசைக் காயத்தோடு வந்ததால் அவரை இன்னொரு பட்டியலில் வைத்தார்கள். 'பப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அது, உடல்தகுதி இல்லாமல் முகாமுக்கு வருகிறவர்களுக்கானது. முகாமில் ஒரே ஒரு நாள் பயிற்சி செய்துவிட்டால்கூட அந்தப் பட்டியலுக்குப் போக முடியாது. அதில் இருப்பவர் அன்றைய விதிப்படி ஆறு வாரங்களுக்குப் பின் திரும்பலாம். இன்று நான்கு ஆட்டங்கள். நவம்பரில் ஸ்டார்க்ஸ் அணியில் சேர்ந்தார், டிசம்பரில் முதன்முதலாகக் களமிறங்கினார். ஜனவரியில், கிராண்ட் விழுந்த அதே பிலடெல்பியா மைதானத்தில், 123 கெஜம் ஓடினார். பிப்ரவரி 6, 2011 அன்று இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வென்று நாம் கொண்டாடினோம். இருவரையும் பிரித்தது காயத்தின் தன்மை அன்று, காயம்பட்ட தேதி. முகாமுக்கு முன் பட்ட காயம் என்றால் மறுவாழ்வு உண்டு; முதல் ஆட்டத்தில் பட்டது என்றால் இல்லை. அந்த வெற்றியை நினைக்கும்போதெல்லாம் கிராண்டின் நினைவும் எனக்குச் சேர்ந்தே வருகிறது.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராகவே வருகிறேன். நான்கு ஆட்டங்கள் என்ற குறைந்தபட்ச எல்லையை நீங்கள் குறை கூறுகிறீர்கள். நான் அதை ஆதரிக்கிறேன். பின்தொடைத் தசை கிழிந்த ஒருவர் மூன்று வாரத்தில் தயாராகலாம் என்று மருத்துவர் சொன்னால், பயிற்சியாளர் அவரை 53 பேரிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "இந்த வாரம் முடியுமா?" என்று கேட்கத் தொடங்குவார். வீரர் முடியாது என்று சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். பாதி ஆறிய தசை இந்த அவசரத்தால் மறுபடி கிழியக்கூடும். நான்கு ஆட்டங்கள் என்று பெயர் ஏறிவிட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது. பதுக்கலைத் தடுக்க எழுதிய விதி, இந்த ஓர் இடத்தில், வீரருக்குத் தேவையான ஓய்வைப் பெற்றுத் தருகிறது.

எட்டு என்ற உச்சவரம்பைத்தான் நான் ஏற்கவில்லை. அதற்கான வாதம் இன்னும் அந்தப் பழைய பதுக்கல் அச்சமே. பட்டியலில் இருப்பவரின் சம்பளம் உச்சவரம்புக் கணக்கில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் நான்கு ஆட்டங்களை இழக்க வேண்டியிருக்கிறது என்றால், பதுக்குவதற்கு அணி ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரம்பு வைத்தால், டிசம்பரில் ஒன்பதாவதாகக் குணமடைகிறவர் தன்னுடைய குற்றம் ஏதுமில்லாமல் வெளியே நிற்கிறார். வரம்பில்லாத 2020, 2021 பருவங்களில் விளையாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

21 நாள் கெடுவும் சில நேரங்களில் விந்தையாக வேலை செய்கிறது. ஆரன் ராட்ஜர்ஸ் 2023 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, களமிறங்கிய நான்காவது நகர்விலேயே, குதிகால் தசைநார் அறுந்து விழுந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 29 அன்று அவர் பயிற்சிக்குத் திரும்பினார். கடிகாரம் ஓடத் தொடங்கியது. டிசம்பர் 20 அன்று கெடு முடிவதற்குள் அணி போட்டியிலிருந்தே வெளியேறிவிட்டது. ஆனாலும் அவர் தொடர்ந்து பயிற்சி செய்ய வேண்டுமானால் 53 பேரில் சேர்த்தாக வேண்டும் என்பதால் சேர்த்தார்கள். அந்த இடத்துக்காக ஃபுல்பேக் வீரர் ஒருவரை நீக்கினார்கள். ராட்ஜர்ஸ் அந்தப் பருவத்தில் அதன்பின் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேலே ஒரு பெயர் சேர்ந்தால் கீழே ஒரு பெயர் அழியும் என்பதும், அழிவது பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரரின் பெயர்தான் என்பதும் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் தெரிந்ததில்லை.

சம்பளத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இளைய வீரர்கள் பலரின் ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகள் இருக்கும்: 53 பேரில் இருந்தால் ஒன்று, காயப் பட்டியலுக்குப் போனால் அதைவிடக் குறைவாக இன்னொன்று. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் டமார் ஹாம்லின் இதயம் நின்று களத்திலேயே விழுந்தார். நான்கு நாள்கள் கழித்து பஃபலோ பில்ஸ் அணி அவரைப் பட்டியலில் வைத்தது. பிளேஆஃப் சுற்று நெருங்கியிருந்த நிலையில் அவர்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. ஒப்பந்தப்படி அவருடைய ஆண்டுச் சம்பள விகிதம் 8,25,000 டாலரிலிருந்து 4,55,000 டாலராகக் குறைய வேண்டும். அணியும் லீக்கும் வீரர் சங்கமும் கூடிப் பேசி முழுச் சம்பளத்தையும் கொடுப்பதென்று முடிவு செய்தன. நல்ல முடிவு. ஆனால் நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கிடைத்த அந்த நியாயம், ஆகஸ்ட் மாதத்துப் பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து யாருக்கும் பெயர் தெரியாமல் பட்டியலுக்குப் போகும் இருபத்திரண்டு வயதுக்காரருக்குக் கிடைப்பதில்லை. வேலை செய்யும்போது பட்ட காயத்துக்காகச் சம்பளத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும் அந்தப் பிரிவை அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் அடியோடு நீக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எட்டா பத்தா என்று வாதிடுவதைவிட வீரர் சங்கம் இதற்காகப் போராடினால் நான் மகிழ்வேன்.

நான்கு ஆட்டங்கள் பற்றிய என் வாதம் உங்களுக்கு நிறைவளிக்காமல் போகலாம். விளையாட்டு மருத்துவத்தில் உங்கள் தம்பிக்கு உள்ள அனுபவத்தைக் கேட்டு, பின்தொடைக் காயத்துக்கு அவர் எத்தனை நாள் ஓய்வு சொல்வார் என்று எழுதுங்கள். ஆகஸ்ட் இறுதியில் அணிகள் பட்டியலை வெளியிடும்போது, 53 பெயர்களோடு நின்றுவிடாமல், திரும்பும் உரிமையோடு ஒதுக்கிவைக்கப்படும் அந்த இரண்டு பெயர்களையும் பேக்கர்ஸ் அணியில் கவனியுங்கள். நானும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மில்வாக்கி நண்பன்