கறிவேப்பிலைக்குக் காமாலை

கரடியனாறு,
ஐப்பசி.

அன்பு மச்சான்,

டெக்சாஸிலிருந்து நீ போட்ட கடிதமும் படங்களும் வந்து இரண்டு கிழமையாகிறது. பதில் போடப் பிந்தியதற்குச் சோம்பல் காரணமில்லை, பெரும்போக விதைப்பு. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தநாள் இரவுதான் ஒரு நல்ல மழை விழுந்தது. இனிக் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

உன் கறிவேப்பிலைப் படத்தை வீட்டில் காட்டினேன். “பாவம், காமாலை பிடிச்ச பிள்ளை மாதிரி இருக்கே” என்றாள். அவள் சொன்னது சரியான நோய்க்குறிதான். குருத்திலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, கீழ்க்கிளையிலுள்ள முற்றிய இலைகளுக்கு ஒன்றுமில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் இப்படித்தான் புது இலையில் முதலில் தெரியும். மண்ணியல் வகுப்பில் நீ பின்வாங்கில் தூங்காமல் இருந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்! ஆனால் கடைக்காரன் சொன்னான் என்று நீ இரும்பு சல்பேற்று வாங்கிப் போட்டாயே, அது வீண்செலவு. உன் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியாதபடி சுண்ணாம்பு பூட்டி வைத்திருக்கிறது. நீ போட்டதையும் சேர்த்துப் பூட்டியிருக்கும். பொசுபரசுக்கும் அதே கதிதான்.

நீ அலவாங்கு போட்டுத் தோண்டிய குழியின் படம் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே ஒரு சாண் கறுத்த மண், அதற்குக் கீழே ஒரேயடியாக வெள்ளை. தேங்காய்ச் சொட்டைத் திருப்பிப் பார்த்ததுபோல. அந்த வெள்ளைதான் ஒஸ்ரின் சோக்குப்பாறை. டலஸிலிருந்து ஒஸ்ரின் வழியாகத் தெற்கே சான் அன்ரோனியோ வரைக்கும் ஒரு பட்டையாக ஓடுகிறது. ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உன் வீடு இருக்கிற இடம் கடல். அந்தக் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அடியில் படிந்து படிந்து பாறையானது. உங்கள் ஊர் வைற் றொக் ஏரியின் பெயரில் வருகிற வெள்ளைப் பாறையும் இதுதான்.

அந்தப் பாறை கரைந்து உதிர்ந்து, மேலே புல் வளர்ந்து, மடிந்த வேர்கள் மக்கித்தான் அந்தக் கறுப்பு வந்தது. சுண்ணாம்பிலுள்ள கல்சியம் மக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு சாண் மண்ணென்றாலும் இவ்வளவு கறுப்பு, கையில் எடுத்தால் இவ்வளவு பொலபொலப்பு. இப்படிப்பட்ட மண்ணை ஐரோப்பாவில் ரெண்ட்சீனா என்பார்கள். போலந்து நாட்டுக் குடியானவர்களின் சொல். கலப்பை கல்லில் உரசிச் சளசளவென்று சத்தம் போடுவதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். நம்முடைய கிரவல் மேட்டில் உழவு மெசின் போடுகிற சத்தத்தைக் கேட்டிருந்தால் அவர்கள் என்ன பெயர் வைத்திருப்பார்களோ!

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற விசயம் ஒன்று உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அதிகமாகக் கிடக்கிற மண்ணுக்குப் புத்தகத்தில் என்ன பெயர் தெரியுமா? சுண்ணாம்பற்ற கபில மண். பெயரிலேயே சுண்ணாம்பு இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அடியில் கிடப்பது பழைய பளிங்குருப் பாறை, அது உடைந்து வந்த மணல்கலந்த மண், மக்கும் குறைவு. நீயோ இந்த மண்ணில் பிறந்து, உலகத்தைச் சுற்றிப் போய்ச் சுண்ணாம்பின் தலையிலேயே வீடு கட்டியிருக்கிறாய்.

அன்றைக்கு வீடியோவில் நீ வினாகிரி ஊற்றியதும் சுண்ணாம்பு இருப்பதால் மண் சீறி நுரைத்ததே, தொலைபேசியை வைத்ததும் நானும் வளவில் ஒரு பிடி மண் எடுத்து அதே பரிசோதனையைச் செய்தேன். வினாகிரி பேசாமல் ஊறி இறங்கிப் போனது. ஒரு குமிழி இல்லை. பேத்தி பார்த்துவிட்டு “அப்பப்பா, மண்ணுக்கு ஊறுகாய் போடுறீங்களா?” என்றாள்.

இந்தச் சின்னப் பரிசோதனையைச் செய்யாமல் நான் ஒருமுறை பட்ட அவமானத்தை உனக்குச் சொன்னேனா? வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுவான்கரையில் கடலோரமாக ஒரு அம்மாவின் கச்சான் தோட்டம், நிலக்கடலைதான், இலையெல்லாம் மஞ்சள். கச்சான் காய் நிரம்பக் கல்சியம் வேண்டும் என்று படித்த படிப்பு தலையில் நிற்கிறதே, மண்ணைக் குனிந்துகூடப் பார்க்காமல் “சுண்ணாம்பு போடுங்கோ” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா போட்டார். மஞ்சள் இன்னும் கூடிவிட்டது. மறுமுறை போனபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிடி மணலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். பாதிக்குப் பாதி ஊரியும் சிப்பி நொறுங்கலும். “தம்பி, கடற்கரைக்கு வந்து உப்பு விக்கிறீங்களே” என்றார். அன்றிலிருந்து பையில் ஒரு தேசிக்காய் இல்லாமல் நான் தோட்டம் பார்க்கப் போனதில்லை. பிழிந்தால் மண்ணே பதில் சொல்லிவிடும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கந்தகம் போட்டு மண்ணைத் திருத்தலாமா என்று கேட்டிருந்தாய். கணக்கைப் பார். நூறு சதுர அடிப் பாத்தி, ஒரு அடி ஆழம் என்றால் மண் மூன்றரைத் தொன்னுக்கு மேல் வரும். அதில் பாதி சுண்ணாம்பு என்று வைத்துக்கொள், 1,800 கிலோ. ஒரு கிலோ கந்தகம் மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் தீர்க்கும். ஆக, ஒரு பாத்திக்கு 600 கிலோ கந்தகம்! அதையும் கொட்டி முடித்தால் கீழேயிருக்கிற பாறை சிரித்துக்கொண்டு கிடக்கும். வேண்டாம் மச்சான். கறிவேப்பிலையைப் பெரிய தொட்டிக்கு மாற்று. உன் வளவு மண் ஒரு பிடிகூட அதில் சேரக்கூடாது. முடிந்தால் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்று. எப்படியும் உறைபனிக்கு அதை வீட்டுக்குள் எடுக்கத்தானே வேண்டும். இரும்பு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கீலேற்று வகையில் ‘ஈடிடிஎச்ஏ’ (EDDHA) என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்கு. கீலேற்று என்றால் கிரேக்கத்தில் நண்டுக் கொடுக்கு. இரும்பைக் கொடுக்கால் கவ்வி, சுண்ணாம்பின் கையில் விடாமல் வேர்வரை கொண்டுபோகும். ‘ஈடிடிஏ’ (EDTA) என்கிற மலிவானது உன் மண்ணில் பிடியை விட்டுவிடும். நிலத்திலேயே ஏதாவது நடத்தான் வேண்டுமென்றால் அத்தி, மாதுளை வைத்துப் பார். இரண்டும் சுண்ணாம்புக்கு அவ்வளவு பயப்படாது.

மீதி நிலத்தைப் புல்லுக்கு விடு. நீ எழுதியிருந்த “ஒன்றுக்கும் உதவாத நிலம்” என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அது புல்லுக்கென்றே ஆன மண். அந்தச் சீமையில் காட்டெருமை மேய்ந்து, அடிக்கடி நெருப்பு ஓடி, மரம் ஏறாமல் புல்வெளியாகக் கிடந்ததனால்தான் அந்தக் கறுப்பு மண்ணே உண்டானது. பிறகு பருத்தி வந்தது. பள்ளத்தில் ஆழமான களி தாங்கிக்கொண்டது. மேட்டில் இருந்த ஒரு சாண் மண்ணையும் உழுதார்கள், மழை கழுவிக்கொண்டு போனது, வெள்ளைத் திட்டுகள் மிஞ்சின. பழைய கரும்புல்வெளியில் இப்போது நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. டெக்சாஸ் 1971இல் தன் மாநிலப் புல்லாக அறிவித்த சைட்ஓட்ஸ் கிராமா இந்த மெல்லிய மண்ணில் நன்றாக வரும். லிற்றில் புளூஸ்ரெமும் வரும், குளிர் தொடங்கும்போது செப்பு நிறமாக மாறும். ஜூனிபர் கன்று முளைத்தால் மட்டும் சின்னதிலேயே வெட்டிவிடு, விட்டால் புல்லை மூடிவிடும்.

நம் பக்கத்திலும் இதே பேச்சுத்தான். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையைப் பார்க்கிறவன் வெறும் நிலம் கிடக்கிறது என்பான். சட்டித் தயிரை மட்டும் ருசித்துச் சாப்பிடுவான். உழவு விழாத நிலமெல்லாம் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைக்கிற புத்தி எங்கே போனாலும் ஒன்றுதான் போல.

வீடு கட்டியவன் என்ற விதத்தில் நீ அதிர்ஷ்டசாலி. பக்கத்துத் தெருக்காரரின் சுவர் வெடித்திருப்பதாக எழுதியிருந்தாயே, அவர் வீடு பள்ளத்துக் கறுத்த களியில் நிற்கும். நம்முடைய முருங்கன் களியைப்போலத்தான் அதுவும். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும், அத்திவாரத்தையும் சேர்த்து அசைக்கும். சோக்குப்பாறை அப்படி ஆடாது. மரம் வைக்கக் குழி தோண்டும்போது திட்டினாலும் வீட்டுக்காக அதைத் திட்டாதே.

இங்கே எல்லாரும் சுகம். கிணற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. சின்னவனுக்கு மாசியில் கல்யாணம், அழைப்பிதழ் பிறகு வரும், இப்போதே லீவு கேட்டு வை. தங்கச்சியிடம் சொல், உங்கள் கறிவேப்பிலை தெளியும்வரைக்கும் நிழலில் காயவைத்த இலை ஒரு பொதி அடுத்த மாதம் அங்கே வருகிற ஒருவர் கையில் அனுப்புகிறேன். நீ அந்தச் செப்புப் புல்லின் படத்தை அனுப்பு, பேத்தி நம்பமாட்டேன் என்கிறாள்.

உன்,
பழைய அறைத்தோழன்