மண்டி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

தாது வருஷப் பஞ்சக் கண்காட்சி, அதாவது 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றிய கண்காட்சி, சொன்ன நாளில் திறந்துவிட்டது. இரண்டு நாளுக்கு முன் எந்த நிலையில் நின்றோம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பலகைகளை இரவோடு இரவாக மறுபடி அச்சடித்தவர்கள், பந்தல்காரர்கள், மேசை கொடுத்த பள்ளி, சோறு கொண்டுவந்த வீடுகள் என எல்லோருக்கும் கைகூப்புகிறோம்.

ஆனால் அரிசி மண்டி அக்கா செய்ததைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

1877 ஜனவரியில், பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்த கூலியைப் பலகையில் எழுதியிருந்தோம்: நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியத்தின் விலை, மேலே 1 அணா (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு). படித்தவர்களுக்கு அது எவ்வளவு என்று பிடிபடவில்லை. அக்கா படித்துவிட்டுக் கடைக்குப் போய்த் தராசு, முறம், கேழ்வரகோடு வந்தார்.

1 பவுண்டு, அதாவது 454 கிராம் கேழ்வரகை எடை போட்டார். அரைப்படி நிரம்பவில்லை. புடைத்துக் கல் பொறுக்கியதில் இன்னும் ஒரு பிடி போயிற்று. மிச்சத்தை அரைத்து, 1 பங்கு மாவுக்கு 2½ பங்கு தண்ணீர் கொதிக்கவைத்து, மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்பால் நடுவில் குழி போட்டு வேகவிட்டார். அப்புறம்தான் கிண்டினார்; முந்திக் கிண்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். நாலு உருண்டை வந்தது. பொழுதெல்லாம் மண் வெட்டியவருக்கு அவ்வளவுதான். 1,500 கலோரிக்கு மேல் தேறாது. உப்பு, புளி, விறகு எல்லாம் அந்த ஓர் அணாவுக்குள்.

அன்றைய சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் கேட்டுச் சண்டை போட்டது இதற்காகத்தான். வெறும் தானியத்தில் உழைக்கிற உடம்பு தன் தசையையே தின்னும். மார்ச்சில் மாகாண அரசு பாதி தூரம் இறங்கி வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், கூட 43 கிராம் பருப்பு. அக்கா அந்தப் பருப்பை ஒரு சிறுமியின் கையில் கொட்டினார். விரலை மடக்கினாள், மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த மேசையை விட்டுக் கூட்டம் நகரவில்லை.

இனி எந்த ஊரில் வைத்தாலும் வெறும் எண்ணை மட்டும் எழுதி மாட்ட மாட்டோம். பக்கத்தில் தராசும் படியும் இருக்கும்.

அக்கா, உங்கள் முறம் எங்களிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை கடைக்குக் கொண்டுவருகிறோம்.

கண்காட்சிக் குழு